அடுக்களையில் எழுந்த கேள்வி

பெண்ணுரிமைக் கதைகள் என்றவுடன், குடும்பத்தைக் குலைக்க வந்த எழுத்துக்கள் என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவற்றுள் இரண்டையேனும் பொறுமையுடன் வாசித்தோர் அவ்வாறு கூறத் துணியார்.

1905-ஆம் ஆண்டில், கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை வெளியாயிற்று. அதை எழுதியவர் வங்காளத்து இஸ்லாமியப் பெண்மணியாகிய ரொக்கேயா. பர்தாவுக்குள் வளர்ந்த அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவருடைய மூத்த சகோதரர். கதையில் வரும் நாட்டைப் பெண்கள் ஆளுகின்றனர். ஆண்கள் வீட்டினுள் அடைபட்டுச் சமைக்கின்றனர். அங்குள்ள அடுக்களையில் கரியில்லை, புகையில்லை. சூரிய வெப்பத்தால் உணவு வேகிறது. வாசிக்கும்போது நகைப்பு வரும். நகைத்து ஓய்ந்தபின் ஒரு கேள்வி எஞ்சும்: ஆண்களை அடைத்துவைப்பது அநீதி என்றால், பெண்களை அடைத்துவைத்தது எங்ஙனம் நீதியாயிற்று? ரொக்கேயா கனவோடு நின்றாரில்லை. 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

மற்றொரு கதை நம் மொழியிலேயே உள்ளது. கோவையில் பிறந்து, 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்ற அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அது. 1988-இல் இதே பெயரில் அவருடைய கதைத் தொகுதியும் வெளிவந்தது.

கதை நிகழுமிடம் ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்று. வீடு பெரிது, சமையலறையோ மூலையில், ஒளி குன்றி ஒதுங்கிக் கிடக்கிறது. சாளரத்துக்கு அப்பால் பசுமையான மலைகள் உள்ளன. காயப்போட்ட துணிகள் அவற்றை மறைக்கின்றன. தென்னாட்டிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, சமையலறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தை விரிவாக்கலாமே என்று மாமனாரிடம் சொல்லிப் பார்க்கிறாள். சில நாட்களில் துணி உலர்த்தப் புதிய கொடிகள் கட்டப்பட்டதே அதற்குக் கிடைத்த விடை!

மாமியாரோ அடுக்களை ஆட்சியையும் நகைகளையுமே தம் பலமென நம்பி வாழ்ந்தவர். அவர் நோயுற்றுக் கிடக்கும் வேளையில், அவை உண்மையான பலம் அல்ல என்று மீனாட்சி கனிவோடு எடுத்துரைக்கிறாள். மாமியாரை இகழும் மருமகளை அங்கே நாம் காண்பதில்லை. ஒரு பெண்ணின் துயரை மற்றொரு பெண் உணர்ந்துகொள்ளும் காட்சி அது.

சமைப்பது இழிவென்று இக்கதைகள் சொல்லவில்லை. பசியாற்றும் கரங்களுக்கு அவ்வீட்டில் குரல் உண்டா என்றே கேட்கின்றன. நாம் வீடு கட்டியபோது, அடுப்பு எங்கே, சாளரம் எங்கே என்று அங்கு நாள்தோறும் நிற்கவேண்டியவரைக் கேட்டோமா? பணம், படிப்பு, திருமணம் ஆகியவற்றைப் பேசி முடிவெடுக்கும் வேளையில் அவரையும் அருகில் அமர்த்தினோமா?

இன்று மாலை அடுக்களைக்குள் சென்று, தாயோ மனைவியோ வழக்கமாக நிற்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். அங்கிருந்து வெளியே என்ன தெரிகிறது?