‘நான் இன்ட்ரோவர்ட்’: ஆளுமை வினாநிரல்களும் தமிழ் வகுப்பறையும்

சிங்கப்பூரின் கிழக்கு–மேற்கு ரயில் தடம் கிழக்கே முடியும் இடம் பாசிர் ரிஸ். அவ்வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர்க்குத் தமிழ் வாய்மொழித் தேர்வுக்கான துணைப்பயிற்சி அளித்துவரும் நாம், கடந்த சில ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம். காணொளியைப் பார்த்து அதன் கருப்பொருள் பற்றித் தேர்வாளருடன் உரையாட வேண்டிய பகுதி வந்ததும், மாணவர் ஒருவர் தலைகுனிந்து, “நான் இன்ட்ரோவர்ட், அதனால என்னால பேச முடியாது” என்பார். வாக்கியம் தமிழ், அதன் உயிர்நிலையான சொல் ஆங்கிலம். ‘எங்கே கற்றுக்கொண்டீர்கள்?’ என வினவினால், இணையத்தில் பத்து நிமிடத்தில் விடையளித்த ஒரு வினாநிரலே தமக்கு அதைச் சொன்னதாக விடை வரும்.

இவ்வாக்கியத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அம்மாணவர் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றி அறிந்துகொண்டதாக உண்மையாகவே நம்புகிறார். அவர் அறிந்தது எத்தகைய அறிவு, எந்த மொழியின் அறிவு என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதற்கண், வினாநிரல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதைத் தெளிவாக்க வேண்டும். சிங்கப்பூர் மாணவர் பள்ளியிலேயே முறைப்படி சந்திக்கும் ஒன்று, 2017இல் தொடங்கப்பெற்ற ‘மைஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ தளத்தில் உள்ள ஆர்வ மதிப்பீடு. அமெரிக்க உளவியலார் ஜான் ஹாலந்து 1959இல் முன்வைத்த தொழில்தேர்வுக் கோட்பாட்டின் வழிவந்த ஆறு வகைகளை அது பயன்படுத்துகிறது. செய்முறை நாட்டம், ஆய்வு நாட்டம், கலை நாட்டம், பிறர்க்குத் துணைசெய்யும் நாட்டம், முனைந்து வழிநடத்தும் நாட்டம், ஒழுங்குமுறை நாட்டம் என அவற்றைத் தமிழில் கூறலாம். அது மாணவரின் விருப்பங்களைக் கேட்கிறதே தவிர, ‘நீ இத்தகையவன்’ என்று முத்திரை குத்துவதில்லை.

மாணவரிடையே மிகுதியாகப் பரவியுள்ளவையோ நான்கெழுத்துக் குறியீடு தரும் வினாநிரல்கள். இவற்றின் மூலம் மையர்ஸ்–பிரிக்ஸ் வகைகாட்டி. கார்ல் யூங் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்னும் நூலைத் தழுவி, காத்தரின் பிரிக்ஸ், அவர்தம் மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர் அல்லர்; மகளார் துப்பறியும் புதினம் எழுதியவர். இக்கருவி மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. ஐந்து வாரம் கழித்து மீண்டும் விடையளித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்க்குக் குறைந்தது ஓர் எழுத்தேனும் மாறியது என்பது இதன்மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் நடுவில் நிற்பர். அவர்களை ‘நெட்டையர், குட்டையர்’ என இரு பெட்டிகளில் அடைத்தால் கோட்டருகே நிற்பவர் இன்று ஒரு பெட்டியிலும் நாளை மறுபெட்டியிலும் இருப்பர். குறை இப்பகுப்பு முறையில் உள்ளது.

அப்படியிருந்தும் ‘என்னை அப்படியே சொல்லிவிட்டது’ என்று மாணவர் வியப்பது ஏன்? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியலார் தம் மாணவர் 39 பேர்க்கு ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்தி, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே குணச்சித்திரம் எழுதித் தந்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பின்னரே தெரிந்தது, அனைவர்க்கும் தரப்பட்டது ஒரே தாள் என்பது. அதன் வாக்கியங்களிற் பெரும்பாலானவை கடைகளில் விற்கும் சோதிட நூல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. நம்மவர்க்கு இது புதிதன்று. லிட்டில் இந்தியாவின் நடைபாதையில் கிளி எடுத்துத் தரும் அட்டையும் எவர்க்கும் பொருந்தும் வகையிலேயே எழுதப்பட்டிருக்கும். (அக்கிளிகளுள் ‘மணி’ என்பது 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் காலிறுதி முடிவுகள் நான்கையும் சரியாகக் கூறி உலகப்புகழ் பெற்றது, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தைத் தேர்ந்து தோற்றது. காற்பந்துக்கு மறுநாளே விடை தெரிந்துவிடும்; குணத்துக்கு அத்தகைய மறுநாள் இல்லை.)

அகராதியிலிருந்து பிறந்த ஆளுமை

இனி, ஆய்வுலகம் பெரிதும் ஏற்றுக்கொண்டுள்ள ஐங்காரணிக் கோட்பாட்டுக்கு வருவோம். பெட்டிகளில் அடைக்காமல், புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலையின்மை, புதியன நாடல் என்னும் ஐந்து அளவுகோல்களில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று இது பார்க்கிறது. தமிழாசிரியர்க்கு இதில் தனிச்சுவை ஒன்று உண்டு. இக்கோட்பாடு மருத்துவமனையிலோ ஆய்வுக்கூடத்திலோ தோன்றவில்லை, அகராதியில் தோன்றியது.

மனிதர்க்குள் முதன்மையான வேறுபாடுகள் யாவும் மொழியில் சொற்களாகப் படிந்திருக்கும் என்ற எண்ணத்தை முன்வைத்துப் பிரான்சிஸ் கால்ட்டன் 1884இல் ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றில் குணச்சொற்களைத் தேடி, ஏறத்தாழ ஆயிரம் இருக்கலாம் என மதிப்பிட்டார். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியைச் சலித்து, மனிதரை வேறுபடுத்திக் காட்டும் 17,953 சொற்களைத் தொகுத்தனர். அவற்றுள் நிலைத்த குணத்தைக் குறிப்பன 4,504. பிற்காலத்தார் இப்பட்டியலைச் சுருக்கிச் சுருக்கிப் புள்ளியியல் முறையால் கண்டவையே அவ்வைந்து காரணிகள்.

அதே 1936இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அப்பேரகராதியை அவ்வாறு சலித்தால் எத்தனை காரணிகள் கிடைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனினும் பிறமொழி ஆய்வுகள் சில குறிப்புகளைத் தருகின்றன. இந்திமொழியின் குணச்சொற்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, சத்துவம், இராசசம், தாமசம் என்னும் பழைய முக்குணப் பகுப்பை நினைவூட்டும் அமைப்பைக் கண்டது. ஹாங்காங்கில் ஃபேனி சியுங்கும் அவர்தம் குழுவினரும் சீனர்க்கென உருவாக்கிய ஆளுமை மதிப்பீட்டில், முகம் காத்தல், இணக்கம் பேணல், செய்ந்நன்றிக் கடப்பாடு ஆகியவை சேர்ந்த உறவுசார் காரணி ஒன்று தனித்து வெளிப்பட்டது. அது மேலைக் கருவிகளில் இடம்பெறாத ஒன்று. எந்த மொழியின் சொல்லால் வினவுகிறோமோ அந்த மொழி காணும் மனிதனே விடையாக வருகிறான்.

அடக்கமும் கூச்சமும்

ஐங்காரணி வினாக்களை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு லூயிஸ் கோல்ட்பெர்க் தொகுத்த பொதுக்களஞ்சியம் ஒன்று உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூற்றுகள் அதில் உள்ளன. அவற்றுட் சிலவற்றைத் தமிழாக்கிப் பார்ப்பது ஆசிரியர்க்கு நல்ல பயிற்சி. புறமுகத்தன்மையை அளக்கும் புகழ்பெற்ற கூற்று ஒன்று, விருந்துக் கூட்டத்துக்குத் தாமே உயிரூட்டுபவரா என்று கேட்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருளற்றுப் போகும். ‘கலகலப்பானவர்’ என்று மாற்றினாலும், எங்கே கலகலப்பு என்ற கேள்வி எழும். நம் மாணவருள் பலர்க்கு விருந்து என்பது திருமண வீடும் தீபாவளி நாளும். அங்கே மூத்தோர் பேச, இளையோர் பரிமாறுவர்.

இதனினும் சிக்கலானது மற்றொரு கூற்று. பிறர் கவனம் தம்மீது விழுவதை விரும்பாமை பற்றியது அது. ஆங்கில வினாநிரலில் இதற்கு ‘ஆம்’ என்று விடையளிப்பவர்க்குப் புறமுக மதிப்பெண் குறையும், அவ்வளவே. இதனையே தமிழில் கேட்டால், கேட்கப்படுவது ‘நீங்கள் அடக்கமானவரா?’ என்பதாக ஒலிக்கும். வள்ளுவர் பதின்மூன்றாம் அதிகாரம் முழுவதையும் எப்பண்புக்கு ஒதுக்கினாரோ அப்பண்பைத் தமக்கு இல்லை என்று எந்தத் தமிழ் மாணவர் எழுதுவார்? ஆங்கிலத்தில் வெறும் இயல்பாக நின்றது தமிழில் அறமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்புப் பிழை என்று இதனைக் கூற இயலாது. இரு சமுதாயங்கள் ஒரே நடத்தைக்கு இட்டுள்ள விலை வேறு.

பேசாதிருத்தல் என்ற ஒரே புறத்தோற்றத்துக்குத் தமிழ் எத்தனை பெயர் வைத்திருக்கிறது என்பதை மாணவர்க்குக் காட்ட வேண்டும். அடக்கம் என்பது பேசத் தெரிந்தும் அளவறிந்து நிற்றல். நாணம் தகாதது செய்ய உள்ளம் கூசுதல். வள்ளுவர் 102ஆம் அதிகாரத்தில் நாணுடைமையெனப் போற்றுவது இதனை. கூச்சம் புதியவர் முன் உண்டாகும் ஒடுக்கம். சபைக்கூச்சம் பலர் முன் எழ நேரும்போது வருவது. பேச்சுவழக்கிலோ, ‘வாயில்லாப் பூச்சி’ என்றால் இரக்கம். ‘அழுத்தக்காரர்’ என்றால் ஐயம். இவையனைத்தையும் ‘இன்ட்ரோவர்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டால் மாணவர் தம்மைப் பற்றி அறிவது கூடுவதில்லை, குறைகிறது.

உளவியலும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. ஜொனதன் சீக், அர்னால்டு பஸ் ஆகியோர் 1981இலேயே, கூச்சமும் கூட்டம் நாடாமையும் வெவ்வேறு என்று காட்டினர். கூட்டத்தை விரும்பிக்கொண்டே கூசுபவர் உண்டு. கூசாமலேயே தனிமையை விரும்புபவரும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் விரிந்த பட்டியலில் அடக்கமும் நடுக்கமும் தனித்தனியே வைத்து எண்ணப்பட்டிருப்பதை இங்கு நினையலாம். தொல்காப்பியர் உளவியல் எழுதினார் என்று கூறுவது மிகை. அவர் எழுதியது செய்யுளுறுப்பு பற்றி. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பது அவர்க்குத் தெரிந்திருக்கிறது.

நம் கருத்தில், இங்கு மிகவும் பயன்படக்கூடியது 73ஆம் அதிகாரமான அவையஞ்சாமை. அதனைப் பிறவிக்குணமாக வள்ளுவர் வைக்கவில்லை. அமைச்சர்க்கு வேண்டிய திறன்களுள் ஒன்றாக, சொல்வன்மை, அவையறிதல் ஆகியவற்றோடு சேர்த்து, பொருட்பாலில் வைக்கிறார். கற்றுத் தேறக்கூடிய ஒன்றாக அது அங்கே நிற்கிறது. வினாநிரலோ அதே அச்சத்தை மாறாத வகையாக்கி மாணவர் கையில் கொடுத்துவிடுகிறது.

எம்மொழியில் கேட்டோம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர் 48.3 விழுக்காடு; 2010இல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழ் என்றவர் 2.5 விழுக்காடு. நம் மாணவர் தம்மைப் பற்றிய வினாவுக்கு ஆங்கிலத்தில் விடையளிப்பது இயற்கையே. ஆனால் மொழி மாறினால் விடையும் மாறுமா? நைரான் ராமிரெஸ்–எஸ்பார்சாவும் பிறரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிஷ், ஆங்கிலம் ஆகிய இருமொழியும் அறிந்தவர்கள் ஆங்கிலத்தில் விடையளித்தபோது கூடுதலான புறமுகத்தன்மையும் இணக்கமும் பொறுப்புணர்வும் உடையவர்களாகத் தோன்றினர். ஒருவரே இரு மொழியில் சற்றே வேறான இருவராகத் தம்மைக் கண்டார்.

வால்டர் மிஷல் 1968இல் எழுதிய நூலில், நடத்தையைக் குணம் மட்டும் முடிவு செய்வதில்லை, சூழலும் முடிவு செய்கிறது என்று வாதிட்டு ஆளுமையியலையே கலங்கச் செய்தார். ‘வீட்டில் புலி, வெளியில் எலி’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அக்கலக்கம் நேர்ந்திருக்காது. அப்பழமொழியில் புலியும் ஒருவரே, எலியும் அவரே, மாறுவது இடம். இருமொழி மாணவர்க்கு இடத்தோடு மொழியும் மாறுகிறது.

இவற்றை மனத்திற்கொண்டு, வகுப்பில் எளிய முயற்சி ஒன்றை மேற்கொண்டோம். இதனை ஆய்வு என்று அழைக்க மாட்டோம். ‘இன்ட்ரோவர்ட்’ என்று கூறிய மாணவரிடம், அதைத் தமிழில் சொல்லுமாறு கேட்டோம். ‘அகமுகர்’ என்ற கலைச்சொல்லை நாம் எடுத்துக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு முத்திரைக்குப் பதில் இன்னொன்று கிடைத்திருக்கும். மேலே கூறிய சொற்களைப் பலகையில் எழுதி, எது உமக்குப் பொருந்தும், எவ்விடத்தில், யார் முன்னிலையில் என்று வினவினோம். ‘அடக்கம்’ என்பதை யாரும் எடுக்கவில்லை. தம்மைத் தாமே அப்படிச் சொல்லிக்கொள்வது அடக்கமாகாது என்று மாணவி ஒருவர் கூறியது நம் சிந்தனைக்கு விருந்தாயிற்று. எந்த வினாநிரலும் அச்சிக்கலைத் தீர்க்காது.

தலைகுனிந்து பேசிய அம்மாணவர் நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் இல்லை என்றார். பள்ளியின் ஆங்கிலச் சொற்போர்க் குழுவில் தாம் இருப்பதாகவும் சொன்னார். அதுவரை நமக்கு அது தெரியாது. பின்னர்த் தமிழிலேயே, சற்றுத் தடுமாறி, “பேசுறதுக்குப் பயம் இல்லை, சார். தமிழ்ல தப்பாப் பேசிட்டா சிரிப்பாங்களோன்னு பயம்” என்றார். அடுத்த வாரம் முதல், உரையாடலின் நடுவே அவர்தம் ஒலிப்பைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, பிழைகளைக் குறித்து வைத்து, பேசி முடித்தபின் தனியே காட்டத் தொடங்கினோம்.