என் எண்ணெய் வாங்கிய மார்க்

'அக்மார்க் விவசாயி' என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். அந்த அக்மார்க் தரத்தில்தான் என் நல்லெண்ணெய் சறுக்கியது.

மூன்று வருடம் முன்பு நடந்தது. சொந்த நிலத்து எள், ரசாயனம் ஒரு துளி படாதது, மரச்செக்கு, கருப்பட்டி. இதுக்கு மேல என்ன வேணும் என்ற தெம்போடு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்தேன். அமில மதிப்பு அதிகம், முதல் தரம் கிடைக்காது என்று அறிக்கை வந்தது. கோபமாகப் போய் நின்றேன். அங்கிருந்த வேதியியலர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அறுப்பு சமயத்துல மழை பேஞ்சுதா சார்?"

பேஞ்சுது. கோடை மழையில் எள் போர் நனைந்தது. மேலாக உலர்த்தி அவசரமாக மூட்டை பிடித்துவிட்டோம். ஈரம் இருந்தால் விதைக்குள்ளேயே எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் பிரியத் தொடங்கிவிடும். ஒரு கிராம் எண்ணெயில் உள்ள அந்த அமிலத்தைச் சமன் செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை என்பதே அமில மதிப்பு. அது ஏறினால் எண்ணெய் சீக்கிரம் காரல் அடிக்கும். தப்பு செக்கில் இல்லை, களத்தில்.

வங்கியில் நகைக்கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்து நாங்கள் பணம் கொடுத்ததில்லை. உரைகல்தான் பேசும். இங்கேயும் அதே கதை.

அக்மார்க் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. பெரும்பாலான பொருளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் வாங்கலாம். வாங்கிவிட்டால் ஒவ்வொரு தொகுப்பையும் அங்கீகாரம் பெற்ற வேதியியலர் சோதித்த பிறகே முத்திரை ஒட்ட முடியும். அதிகாரிகள் கடையிலிருந்தும் மாதிரி எடுத்துச் சரிபார்ப்பார்கள். நல்லெண்ணெய் என்றால் 40 டிகிரி வெப்பத்தில் ஒளிவிலகல் அளவி 58க்கும் 61க்கும் நடுவில் காட்ட வேண்டும். பாமாயில் கலந்தால் அது கீழே இறங்கும்.

நெய் விஷயம் இன்னும் சுவாரசியம். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லி விதி வைத்தார்கள். நெய்யில் யாராவது வனஸ்பதி கலந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கியதும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நம்ம எள்ளுதான் அங்கே உளவாளி!

உணவு பாதுகாப்பு அலுவலர் வருவது வேறு சங்கதி. அது 2006ஆம் ஆண்டுச் சட்டம், விருப்பம் கிருப்பம் எல்லாம் இல்லை. மாதிரியை நாலு பாகமாக்குவார். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம். நாலாவதை, நீங்கள் கேட்டால், உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நம்மில் பலர் பதற்றத்தில் இதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு.

ஒன்றில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அக்மார்க் முத்திரை, எள்ளுக்கு மருந்து அடித்தோமா இல்லையா என்று சொல்லாது. நன்றாகக் காயவைத்த ரசாயன எள்ளின் எண்ணெய் என்னுடையதை முந்திவிடும். இயற்கை விளைச்சல் என்று காட்ட பிஜிஎஸ் அல்லது என்பிஓபி சான்று தனியாக வாங்க வேண்டும். இரண்டுக்கும் அலைச்சல், இரண்டுக்கும் பதிவேடு.

அடுத்த பருவத்தில் தார்ப்பாய் வாங்கினேன். எள்ளை வாயில் போட்டுக் கடித்து, நறுக்கென்று உடைகிற வரை மூட்டை கட்ட விடவில்லை, ஆட்கள் முணுமுணுத்தார்கள். அந்த எண்ணெய் முதல் தரம் வாங்கியது. இப்போது ஒவ்வொரு ஆட்டலிலும் ஒரு பாட்டில் எடுத்து, தேதி எழுதி, அலமாரியில் பூட்டி வைக்கிறேன்.