டூட்டூ: பாலே பாவாடை குட்டையான கதை

பாலே என்றதும் நம் நினைவுக்கு வருவது, கால் விரல் நுனியில் நிற்கும் ஒரு பெண்ணும், அவர் இடுப்பைச் சுற்றித் தாம்பாளம்போல் விரிந்து நிற்கும் வெள்ளைப் பாவாடையும்தான். அந்தப் பாவாடைக்குப் பெயர் 'டூட்டூ'. பொம்மைக்கு மாட்டிய அலங்காரம்போலத் தெரியும் இந்த உடை, இன்றைய வடிவத்துக்கு வர சுமார் 200 ஆண்டுகள் ஆகின. தரையைத் தொட்ட பாவாடை மேலே ஏற ஏற, யாரோ ஒரு பெண் துணிந்து முன்னே வர வேண்டியிருந்தது. இந்த உடையால் உயிரை இழந்தவர்களும் உண்டு.

கணுக்கால் தெரிந்ததே புரட்சி

பாலே பிறந்தது இத்தாலிய அரண்மனை விருந்துகளில். வளர்ந்தது பிரான்ஸில். மன்னர் 14-ம் லூயி தானே மேடையேறி ஆடியவர். 1661-ல் நடனத்துக்கென ஓர் அகாடமியையே தொடங்கினார். அப்போது பொது மேடையில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். 1681-ல்தான் பாரிஸ் ஓபராவில் தொழில்முறை நடனப் பெண்கள் முதன்முதலாக மேடை ஏறினார்கள்.

ஏறினார்களே தவிர, விருப்பம்போல் ஆட முடியவில்லை. தரையைக் கூட்டும் கனமான பாவாடை, மூச்சை இறுக்கும் மேல்சட்டை, குதிகால் உயர்ந்த செருப்பு. முழங்கால்வரை கால்சட்டை அணிந்த ஆண்கள் துள்ளிக் குதிக்க, பெண்கள் நளினமாக நடந்து திரும்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நிலையை மாற்றியவர் மரி கமார்கோ. 1710-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். மேலே எழும்பி, கீழே இறங்குவதற்குள் இரண்டு கால்களையும் முன்னும் பின்னுமாக மாற்றித் தட்டுவதில் கெட்டிக்காரர். ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட வித்தை அது. ஆனால், பாவாடைக்குள் நடக்கும் வித்தை யாருக்குத் தெரியும்? பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் சில அங்குலம் உயர்த்தினார். செருப்பின் குதியையும் எடுத்துவிட்டார். அந்தச் சில அங்குலமே அன்றைய பாரிஸில் பெரும் பேச்சானது.

அவருடைய போட்டியாளர் மரி சாலே வேறு வழியில் போனார். 1734-ல் லண்டனில், பாவாடையை விரித்துப் பிடிக்கும் வளையக் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மெல்லிய மஸ்லின் உடையில், கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார்.

தேவதையின் உடை

டூட்டூவின் உண்மையான பிறந்தநாள் 1832 மார்ச் 12. அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதையாக ஆடியவர் மரி தக்லியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா. கால் விரல் நுனியில் நின்று, கெண்டைக்காலின் பாதிவரை மணிபோல் விரிந்த வெள்ளைப் பாவாடையில் அவர் ஆடியபோது, பார்த்தவர்களுக்கு அவர் மிதப்பதாகவே தோன்றியது. இந்த நீளப் பாவாடைக்கு இன்றும் 'ரொமான்டிக் டூட்டூ' என்று பெயர்.

இதற்குப் பின்னால் இரண்டு தொழில்நுட்பங்கள் இருந்தன. ஒன்று, வலைத்துணி. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம், அதுவரை கையால் பின்னிய வலைத்துணியை மளமளவென நெய்து தள்ளியது. எடையில்லாத துணியை அடுக்கடுக்காகத் தைக்க முடிந்தது. இன்னொன்று, கேஸ் விளக்கு. அதன் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி நிலாபோல் மின்னியது.

அந்த இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த அத்தியாயம்.

எம்மா லிவ்ரி

காற்றோட்டமுள்ள மெல்லிய துணி அடுக்கு, தீப்பிடித்தால் நொடியில் எரிந்துவிடும். மேடை ஓரத்திலோ கேஸ் விளக்குகளின் திறந்த சுடர்கள். 1844-ல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக் கலைஞர் இப்படி இறந்தார். 1861-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ஒருவர் உடையில் பிடித்த தீ மற்றவர்களுக்கும் பரவி, குறைந்தது 6 பேர் இறந்தனர்.

பிரான்ஸ் அரசு 1859-லேயே விழித்துக்கொண்டது. படிகாரம் போன்ற உப்புகள் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்திய உடைகளையே மேடையில் அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனால், அப்படி நனைத்த துணி விறைத்துப்போகும், வெண்மையும் மங்கிவிடும். நடனப் பெண்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் எம்மா லிவ்ரி.

16 வயதில் 'லா சில்ஃபீட்' ஆடிப் பெயர் வாங்கியவர் எம்மா. ஓய்வுபெற்றிருந்த தக்லியோனியே தேடி வந்து இவருக்கு ஆசிரியரானார். 1860-ல் இவருக்காக 'லே பப்பியோன்' என்ற பாலேயையும் அமைத்தார். சுடரை நெருங்கிச் சிறகு கருகும் பட்டாம்பூச்சியின் வேடம் எம்மாவுக்கு! கரைசலில் நனைத்த பாவாடை வேண்டாம், வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், பொறுப்பு என்னுடையது என்று அவர் எழுதியே கொடுத்திருந்தார்.

1862 நவம்பர் 15. ஓர் ஓபராவுக்கான ஒத்திகை. பாவாடையை உதறிச் சரிசெய்தபோது, அது பக்கத்தில் இருந்த கேஸ் சுடரில் பட்டது. தீயை அணைப்பதற்குள் உடல் கடுமையாக வெந்துபோனது. எட்டு மாதங்கள் வலியோடு போராடி, 1863 ஜூலையில், 20 வயதில் இறந்தார். எரிந்து மிஞ்சிய அவருடைய உடையின் துண்டுகள் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

'சொன்னபடி கேட்டிருக்கலாமே' என்று தோன்றும். ஆனால், எடையில்லாமல் மிதப்பதாகக் காட்டுவதே அவருடைய தொழில். விறைத்த பாவாடையில் அது நடக்காது. பாதுகாப்பா, கலையா என்று தேர்ந்தெடுக்கும் சுமையை 18 வயதுப் பெண்ணின் கையெழுத்தில் விட்டுவிட்டு, சுடர்களை அதே இடத்தில் எரியவிட்டிருந்தது மேடை. 1881-ல் லண்டன் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. மற்ற அரங்குகளும் அந்த வழிக்கு வந்த பிறகே இந்த ஆபத்து விலகியது.

பெயர் வந்தது எப்படி?

'டூட்டூ' என்பது பிரெஞ்சுக் குழந்தைகள் பின்புறத்தைக் குறிக்கும் மழலைச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். மேடைக்குப் பின்னால் நடனப் பெண்களைச் சுற்றிவந்த பணக்கார ஆண்களின் பார்வை எப்படி இருந்தது என்பதையும் இந்தப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. ஓவியர் எட்கர் டெகா தீட்டிய பாலே ஓவியங்கள் சிலவற்றின் ஓரத்தில், கறுப்புக் கோட்டு போட்ட அந்த ஆண்கள் நிற்பதைப் பார்க்கலாம். 1881-ல் டெகா காட்சிக்கு வைத்த 14 வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியிலேயே டூட்டூ மாட்டியிருந்தார். அந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள்.

முழங்காலுக்கு மேலே

அடுத்த மாற்றம் இத்தாலியப் பெண்களால் ரஷ்யாவில் நடந்தது. 1885-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜினியா சுக்கி, முழங்காலுக்கு மேல் வெட்டிய பாவாடையில்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். 1895-ல் அதே ஊரில் 'ஸ்வான் லேக்' பாலேயில் பியரீனா லென்யானி, ஒற்றைக் காலில் நின்று மறு காலைச் சாட்டைபோல் வீசி 32 முறை சுழன்றார். நீளப் பாவாடையில் இப்படிச் சுழன்றால் துணி காலைச் சுற்றிக்கொள்ளும். சுழன்றாலும் கால் தெரியாது. தொடையோடு நின்று பக்கவாட்டில் விரியும் 'கிளாசிக்கல் டூட்டூ' இப்படித்தான் நிலைபெற்றது.

ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா 'சாகும் அன்னம்' நடனத்தை இறகு வைத்த டூட்டூவில் ஆடி உலகம் சுற்றியவர். அவரைக் கண்டு மயங்கி பாலே கற்றுக்கொண்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். உன் நாட்டு நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா ஊக்கப்படுத்த, அவர் சதிராட்டத்தின் பக்கம் திரும்பினார். 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்ரா பிறந்தது. நாட்டிய உடைகளையும் அவர் புதிதாக வடிவமைத்தார்.

1950-ல் நியூயார்க்கில் இன்னொரு சிக்கல். ஜார்ஜ் பாலன்ஷைன் அமைத்த 'சிம்பொனி இன் சி'யில் சுமார் 50 பேர் ஒரே நேரத்தில் மேடையில் நிற்பார்கள். கம்பி வளையம் வைத்த தட்டு டூட்டூக்கள் ஒன்றையொன்று இடித்து ஆடின. இன்றைய உக்ரைனில் பிறந்த உடை வடிவமைப்பாளர் பார்பரா கரின்ஸ்கா, கம்பியை எடுத்துவிட்டு, அடுக்குகளைக் குறைத்து, பவுடர் பஃப்போல் மென்மையாகத் தொங்கும் டூட்டூவைத் தைத்தார்.

தலைகீழாகத் தொங்கும் உடை

இன்றும் நல்ல டூட்டூ பெருமளவு கையால்தான் தைக்கப்படுகிறது. ஒரு ஜட்டியின் மேல் 10 முதல் 12 அடுக்கு வலைத்துணி. கீழடுக்குகள் குட்டையாக இருந்து மேலடுக்கைத் தாங்கும். அடுக்குகள் பிரியாமல் இருக்க, இடையிடையே தளர்வாகக் கைத்தையல் போடுவார்கள். தொங்கிப்போகாமல் இருக்கத் தலைகீழாக மாட்டிவைப்பார்கள். அடிக்கடி துவைக்க முடியாது என்பதால், வியர்வை வாடை போக வோட்காவைத் தெளிப்பதும் உண்டு!

பெண்களின் உடை என்ற எல்லையும் கலைந்துவிட்டது. 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'ட்ரொக்கடேரோ' குழுவில் ஆண்களே டூட்டூ அணிந்து, சிரிக்கவைத்தபடியே அசல் பாலே ஆடுகிறார்கள்.

ஒரு டூட்டூவைப் பல வருடங்கள் பலர் அணிவார்கள். அதனால் முதுகில் இரண்டு மூன்று வரிசைக் கொக்கிகள் இருக்கும். உள்பக்கம் அணிந்தவர்களின் பெயர்களை எழுதி வைப்பதும் வழக்கம். புதிதாக வரும் பெண், தனக்கு முன்னால் அதை அணிந்து ஆடியவர்களின் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் கொக்கியை மாட்டுகிறார்.