பார்க்கலாம் என்று உத்தரவு, பார்க்க விடாவிட்டால்?

விவாகரத்துக்குப் பின் குழந்தை சிதம்பரத்தில் தாயிடம் வளர்கிறது. தந்தைக்குக் கடலூரில் வேலை. மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளையைப் பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு கையில் இருக்கிறது. பஸ் ஏறிப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது, போனையும் எடுப்பதில்லை. சில குடும்பங்களில் பிள்ளை தந்தை வீட்டில் இருக்கும். வாசலில் காத்து நிற்பது தாய். இப்படித் தவிப்பவர்கள் முதலில் போவது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். ‘கோர்ட் விவகாரம், அங்கேயே பாருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். கசப்பான பதில்தான், ஆனாலும் வழி அதுவே.

உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே நிறைவேற்று மனு போட வேண்டும். வக்கீல்கள் பேச்சில் ‘இ.பி.’. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984-இன் 18-ஆவது பிரிவுப்படி, கடலூர் குடும்பநல நீதிமன்றம் போடும் உத்தரவுக்கும் சிவில் கோர்ட் தீர்ப்புக்குள்ள அதே வலு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21, விதி 32-ஐக் காட்டி, மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யவோ அவரை சிவில் சிறையில் வைக்கவோ கேட்கலாம். ஆனால் அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கீழ்ப்படிய வாய்ப்பு இருந்தும் அவர் வேண்டுமென்றே மறுத்திருக்க வேண்டும்.

பல மனுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘ஞாயிறுதோறும் பார்க்கலாம்’ என்று மட்டும் உத்தரவு சொன்னால், எத்தனை மணிக்கு, எங்கே, யார் அழைத்து வருவது? எதிர்த்தரப்பு ‘நாங்கள் காத்திருந்தோம், அவர்தான் வரவில்லை’ என்று சொல்லிவிட்டால் வாய்தாதான் மிஞ்சும். பார்க்கும் உரிமையின் தன்மை, முறை, விவரம் எல்லாவற்றையும் கோர்ட் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே உத்தரவு வாங்கும் நாளிலேயே இதற்கு வாதாட வேண்டும் என்பேன். நடராஜர் கோயிலில் சந்திப்பு என்றால் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள்; கடலூர் சில்வர் பீச்சில் மதிய வெயிலில் சின்னப் பிள்ளையை வைத்திருக்க முடியாது. ‘காலை 9 முதல் 11 வரை, கீழக் கோபுர வாசலில் ஒப்படைப்பு, வர முடியாவிட்டால் முந்தின நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் தகவல், தவறிய சந்திப்புக்கு அடுத்த ஞாயிறு ஈடு’ என்று எழுதிய உத்தரவை மீறினால் மறைக்க வழியில்லை. அந்த நேரத்துக்குப் போய் நின்றதற்குப் பஸ் டிக்கெட்டும், வாசலிலிருந்து அனுப்பிய மெசேஜும் சாட்சி.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்து வழக்கே இருக்கிறது. மதுரையில் தாயிடம் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தந்தை கரூரில் பார்க்கலாம் என்றிருந்த ஏற்பாட்டை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மதுரைக்கே மாற்றியது. ஞாயிறுதோறும் சுமார் 150 கி.மீ. அந்தக் குழந்தையை அலைக்கழிப்பது சரியல்ல என்று கோர்ட்டுக்குப் பட்டது. தந்தையின் உரிமை குறையவில்லை. பயணம்தான் அவர் பக்கம் போனது. நியாயமான முடிவு.

வழக்கு நடக்கும் காலத்திலேயே குழந்தையைக் கொண்டுவரச் சொன்ன உத்தரவை மீறினால், 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இருக்கிறது. அதன் அபராதம் மொத்தமே 500 ரூபாயைத் தாண்டாது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் திருத்தாமல் விட்டது வெட்கக்கேடு. கொண்டுவருவதாக உறுதி தரும்வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்பதுதான் அதன் பல். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கும் போடலாம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இ.பி. என்ற வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் நாடுவது நல்லது.

‘ஜீவனாம்சம் தரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்’, ‘பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்’ இரண்டுமே தவறு. இரண்டும் தனித்தனி உத்தரவுகள்; பணப் பாக்கிக்குத் தனி மனு உண்டு. சந்திப்பில் குடிபோதை, மிரட்டல், அடி என்று உண்மையான பயம் இருந்தால், நாமாகவே நிறுத்தாமல், மேற்பார்வையுடன் மட்டும் சந்திக்க வேண்டும் என்று உத்தரவைத் திருத்தக் கேட்க வேண்டும். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் கல்லில் வெட்டியவை அல்ல என்பதை 1973-லேயே, சென்னையிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் இது பொருந்தும், பொறுப்பே கைமாறலாம்.

பிள்ளையே ‘வர மாட்டேன்’ என்று அழுதால் என்ன செய்வது? இழுத்துப் போகக் கூடாது. குடும்பநல நீதிமன்ற ஆலோசகரிடம் பேசவைத்து, அரை மணி நேரம், வீடியோ அழைப்பு என்று சிறிதாகத் தொடங்கக் கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும், சிதம்பரத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவையும் அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. ஆண்களுக்குப் பொதுவாக உண்டு. உத்தரவின் சான்றிட்ட நகல், தவறிய தேதிகளின் பட்டியல், மெசேஜ் பிரதிகள் மூன்றையும் எடுத்துப் போனால் மனு அன்றைக்கே எழுத ஆரம்பிக்கலாம்.