கடல் கடந்தவர்களின் தோழி

"இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது, அக்கரைக்குப் போய்விடலாம்" என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னால் உங்கள் மனம் முதலில் எதை நினைக்கும்? "அம்மாவை யாரிடம் விடுவது? குழந்தைகளை என்ன செய்வது?" என்றுதானே! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் இதே கேள்வியைக் கேட்டுக் கண் கலங்கிய குடும்பங்கள் எத்தனையோ லட்சம்.

"உலகத்தையே ஆண்டவர்களுக்கு என்ன குறைச்சல்?" என்கிறீர்களா? ஆண்டவர்கள் சிலர், அரை வயிற்றுக்குத் திண்டாடியவர்கள் பலர். ஆலை யந்திரங்கள் கைத்தறிக்காரரின் பிழைப்பில் மண்ணைப் போட்டன. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று குடியானவர்களை விரட்டினார்கள். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் மூண்டது. 1851-இல் ஆஸ்திரேலியாவில் தங்கம் அகப்பட்டதும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

ஆனால் ஆஸ்திரேலியா என்ன, அடுத்த தெருவா? பாய்க்கப்பலில் மூன்று, நான்கு மாதப் பிரயாணம்! அப்படிப் போய் இறங்கியவர்களுக்குத் துணை நின்றவர் கரோலின் சிஸம் என்ற மாதரசி.

இந்த அம்மாளுக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. கணவர் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரி. "என் பொதுத் தொண்டுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டே 1830-இல் அவரை மணந்துகொண்டார் கரோலின். 1834-இல் சென்னையில் சிப்பாய்களாக இருந்த வெள்ளைக்காரரின் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். படிப்போடு வீட்டு நிர்வாகமும் அங்கே பாடம்.

கணவரின் உடல்நிலைக்காக 1838-இல் சிட்னி போனார்கள். அங்கே கப்பலிலிருந்து இறங்கிய இளம்பெண்கள் வேலையின்றி, ஒண்ட இடமின்றித் தெருவில் நின்றதைக் கண்டு அவர் மனம் பதைத்தது. கவர்னரிடம் மன்றாடி 1841-இல் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார். முதல் இரவு தனியே படுத்தார். விளக்கை ஏற்றிப் பார்த்தால் எலிகள்! நம்மில் எத்தனை பேர் மறுநாளும் அங்கே படுப்போம்? அவர் படுத்தார். எலிகளுக்கு ரொட்டி வைத்துப் பழக்கி, பிறகு ஒரு நாள் அதிலேயே பாஷாணம் கலந்துவிட்டார்! அப்புறம் பெண்களைத் தாமே உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அழைத்துப் போய் வேலையில் அமர்த்தினார். 1846-க்குள் அவர் உதவியால் வழி கண்டவர்கள் சுமார் 11,000 பேர்.

அந்த வருஷம் இங்கிலாந்து திரும்பினார். பெற்றோர் முன்னே போய்விட, பின்தங்கித் தவித்த பிள்ளைகளை இலவசமாக அனுப்பும்படி சர்க்காரை வற்புறுத்தினார். 1849-இல் ஒரு சங்கம் கண்டார். குடும்பம் முடிந்ததைச் சேமிக்க வேண்டும். கப்பல் சத்தத்தில் குறைவதைச் சங்கம் வட்டியில்லாமல் கடன் கொடுக்கும். தாயும் பிள்ளையும் பிரியாமல் போகவேண்டும் என்பதே அவர் கவலை.

போனவர்கள் எல்லோரும் தங்கிவிட்டார்களா? இல்லை. ஏமாந்து திரும்பியவர் உண்டு. நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பியவர் உண்டு. ஊர் ஏக்கத்தால் வந்தவரும் உண்டு. நீராவிக் கப்பல் வந்ததும் திரும்புவது எளிதாயிற்று. 1861-க்குப் பின் அரை நூற்றாண்டில் வெளியேறிய ஆங்கிலேயரில் பத்துக்கு நான்கு பேர் திரும்பியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

கரோலினும் அப்படித்தான். 1854-இல் மறுபடி ஆஸ்திரேலியா போனவர், 1866-இல் தாய்நாட்டுக்கே திரும்பினார். 1877-இல் லண்டனில் வறுமையில் கண்ணை மூடினார். 1967-இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள். பிறர் குடும்பங்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்த அந்தக் கைகளில், கடைசிக் காலத்தில் காசில்லை!