கடல் கடந்த கவிதைகள் – 9: பனிக்குள் ஒரு தூண்டில்

சீனக் கவிஞர் லியூ சொங்யுவான் எழுதிய ‘ஆற்றுப் பனி’ வரிக்கு ஐந்தெழுத்தாக நான்கே வரிகள். முற்பாதி முழுக்க வெறுமை: மலைகளில் பறவையைக் காணோம், வழிகளில் ஆள் நடமாட்டம் இல்லை. பிற்பாதியில்தான் ஒரு தோணியும் அதில் தூண்டிலோடு ஒரு கிழவரும் வருகிறார்கள். தூண்டிலில் மீன் பட்டதா என்று கவிஞர் சொல்லவே இல்லை.

நம் புத்தளக் கரையில் இருந்து படிக்கிறவருக்கு முதலில் உறுத்துவது அந்தத் தனிமைதான். உடப்பில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். தோணி வளைந்து வலையை விட்டு வந்ததும் இரண்டு பக்கக் கம்பாவிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே மடி கரை சேரும்வரை இழுப்பார்கள். மீன்பிடி என்றாலே கூட்டமும் கூச்சலும்தான் இங்கே. அந்த ஓசையில் பழகிய காதுக்குச் சீனக் கிழவரின் ஆறு அச்சமூட்டும்.

இதை அமைதியின் கவிதை என்று பாராட்டுகிறவர்கள் பலர். எனக்கு அப்படிப் படவில்லை. இது துரத்தப்பட்ட ஒருவரின் கவிதை.

773இல் பிறந்தவர் லியூ. இருபது வயதிலேயே அரசின் உயர்தேர்வில் தேறி, தலைநகரில் வேகமாக மேலே வந்தார். 805இல் ஷுன்சொங் அரியணை ஏறியபோது வாங் ஷுவென் தலைமையில் சீர்திருத்தம் செய்ய முனைந்தவர்களோடு சேர்ந்தார். சில மாதங்களிலேயே பேரரசர் முடிதுறந்தார். கூட்டாளிகள் திசைக்கொருவராக விரட்டப்பட்டனர். லியூவுக்கு வாய்த்தது தெற்கே யோங்சோ: பெயருக்கு ஒரு பதவி, செய்ய வேலை கிடையாது. கூடவே வந்த தாய் அடுத்த ஆண்டே அங்கே இறந்துபோனார். பத்து ஆண்டுகள் அவர் அந்த ஊரில் கிடந்தார்.

அந்தத் தென்திசையில் பனி அபூர்வம். ஒரு மாரியில் கடும்பனி மலைத்தொடரைத் தாண்டி வந்து பல மாவட்டங்களை மூடியதாம். பனியையே கண்டிராத நாய்கள் மிரண்டு, அது கரைந்து தீரும்வரை நாட்கணக்கில் குரைத்து ஓடினவாம். லியூவே ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். பனி காணாத நமக்கு அந்த நாய்களின் திகைப்பு நன்றாகவே விளங்கும். கவிதையில் அவை இல்லை. அரசவை இல்லை, தாயின் மரணம் இல்லை, பகைவர் பெயர் இல்லை. எல்லாவற்றையும் பனியால் மூடிவிட்டு ஒரே ஒரு மனிதரை மட்டும் எழும்ப விடாமல் உட்கார வைத்திருக்கிறார். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இந்தக் கவிதை.

நம் மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இங்கேதான். மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியாகவே கற்பிட்டியில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ஓலைக் கொட்டில்களில் பிள்ளை பெற்று வளர்த்து, அடுத்த கரையில் இருக்கும் ஊருக்குத் திரும்ப முடியாமல் ஆண்டுகளைக் கழித்தவர்கள். இயற்கைக் கவிதைக்குள் மனிதர் எதை ஒளித்து வைப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

815இல் லியூவைத் தலைநகருக்கு அழைத்தார்கள். நம்பிப் போனவரை இன்னும் தொலைவில் உள்ள லியூசோவுக்கு அனுப்பினார்கள். அவருடைய நண்பர் லியூ யூசிக்கு அதைவிடக் கொடிய ஊர். அவரோடு எண்பது கடந்த தாயும் இருந்தார். ‘எனக்கு அவர் ஊரைக் கொடுங்கள், என் ஊரை அவருக்குக் கொடுங்கள்’ என்று லியூ விண்ணப்பிக்க முன்வந்தார். பிறகு நண்பருக்கு வேறு ஊர் கிடைத்தது. லியூசோவில் கடனுக்காக அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டு, கடன் கழிந்ததும் அவர்களை விடுவிக்க வழி செய்தார் லியூ. 819இல் அங்கேயே காலமானார். அவருடைய எழுத்துகளைத் திரட்டித் தொகுத்தவர் அந்த நண்பர்தான்.

(அடுத்த வாரம்: லியூ யூசி)