இரும்பின் காப்புப் பூச்சும் பதிவேட்டுத் தமிழும்

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு உண்டு. ஊரவர் அதனைக் காணலாம், கற்றார் படிக்கலாம், ஐயுற்றார் மீளவும் சென்று ஒப்புநோக்கலாம். இரும்புக்கு இவ்வாய்ப்பு இல்லை. பாலம், நீர்த்தொட்டி, குழாய் முதலியவற்றின்மேல் இடப்பெறும் காப்புப் பூச்சில் ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முற்பட்டதனை மறைத்துவிடுகின்றது. மறைந்ததற்குச் சான்றாக எஞ்சுவது அவ்வேலையின் பதிவேடு ஒன்றே. அப்பதிவேடு எவ்வாறு அமைதல் வேண்டும், அதன் மொழி யாதாதல் வேண்டும் என்னும் இரண்டினையும் ஈண்டு ஆராய்வோம்.

இரும்பு நீரோடும் உயிர்வளியோடும் கூடித் துருவாகின்றது. உப்பு அவ்வினையை விரைவுபடுத்தும். இதனைத் தடுக்கும் பூச்சு பெரும்பான்மையும் மூன்றடுக்காய் அமையும். பிரைமர் எனத் தொழிலாளர் கூறும் அடிப்பூச்சில் துத்தநாகத் தூள் மிக்கிருப்பின் அத்துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். இடைப்பூச்சு நீர் உட்புகும் வழியை நெடிதாக்கும். மேற்பூச்சு வெயிலையும் மழையையும் தாங்கும்.

ஆய்வாளர் முதற்கண் நோக்குவது பூச்சை அன்று, பரப்பை. துருவும் பழைய பெயிண்டும் எண்ணெயும் உப்பும் நீங்காத பரப்பில் எத்துணை உயர்ந்த பூச்சும் நில்லாது. சிறு வேலைகளுக்குக் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் பயன்படும். பெருவேலைகளில் கூரிய துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசித் துருவை அகற்றுவர். ஆற்று மணலின் தூசு நுரையீரலைக் கெடுக்குமாதலின், இரும்புத் துகள், கார்னெட் மணல் முதலியவற்றைக் கொள்வதே தக்கது. தூய்மையின் அளவை ஐ.எஸ்.ஓ. 8501-1 என்னும் தரநூல் எஸ்.ஏ. 1, 2, 2½, 3 என நான்காகப் பகுத்து, ஒப்பிடுதற்குரிய படங்களையும் தருகின்றது.

இரண்டாவது நோக்கத்தக்கது வானிலை. காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியசு, ஈரப்பதம் 80 விழுக்காடு எனக் கொள்வோம். அந்நிலையில் ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்த பரப்பில் நீர் பனிக்கும். அவ்வெப்பநிலையே பனிநிலை எனப்படும். இரும்பின் வெப்பம் பனிநிலையினும் 3 பாகையாவது மிக்கிருத்தல் வேண்டும் என்பது வழக்கமான விதி. எனவே இவ்வெடுத்துக்காட்டில் 29 பாகைக்குக் கீழ்ப்பட்ட இரும்பில் பூசுதல் தகாது. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு காலையில் உலர்ந்ததுபோல் தோன்றினும் கண்ணுக்குப் புலனாகாத ஈரத்தைத் தாங்கியிருத்தல் கூடும். காற்றின் வெப்பத்தை மட்டும் குறித்து இரும்பின் வெப்பத்தை விடுத்த பதிவு குறையுடையது என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது பூச்சின் தடிப்பு. அறுபது விழுக்காடு திண்பொருள் கொண்ட பெயிண்டை 200 மைக்ரான் ஈரத்தடிப்பில் பூசினால், உலர்ந்தபின் 120 மைக்ரான் எஞ்சும். தின்னர் மிகுதியாகக் கலப்பின் இக்கணக்குப் பிழைபடும். ஆதலின் கலந்த அளவையும் எழுதுதல் வேண்டும். உலர்ந்த தடிப்பைக் காந்தமானியால் அளப்பர். ஓரிடத்தில் 60, மற்றோரிடத்தில் 180 என அளவு கிடைப்பின் சராசரி 120 ஆகும். ஏட்டில் சராசரியை மட்டும் எழுதினால் வேலை செவ்விதாகவே தோன்றும். ஆயின் துரு சராசரியை அறியாது. 60 மைக்ரான் உள்ள இடத்திலேயே தொடங்கும். ஐ.எஸ்.ஓ. 19840 என்னும் தரநூல் சராசரி குறித்த அளவை எய்துவதோடு, தனி அளவு எதுவும் அதன் 80 விழுக்காட்டிற்குக் குறைதல் ஆகாது என வரையறுத்தமைக்குக் காரணம் இதுவே. ஆணித்தலை, பற்றுவைப்பு, ஓரம் ஆகிய இடங்களில் பூச்சு மெலிதலின் அவற்றைத் தனியே நோக்குதல் வேண்டும்.

இவற்றிலிருந்து பதிவேட்டின் இலக்கணம் பெறப்படும். நாள், நேரம், இடம், இரும்பின் வெப்பம், ஈரப்பதம், பனிநிலை, பெயிண்டின் பெயரும் தொகுதி எண்ணும், கலவை அளவு, தனித்தனித் தடிப்பளவுகள், குறை கண்ட இடமும் அதனைத் திருத்திய வகையும் என்பன அதன் உறுப்புகள். அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. அடுத்த அடுக்கு முன்னதனை மறைப்பதன்முன் பதிவு எழுதப்பெறல் வேண்டும். மாலையில் ஒருசேர நினைவிலிருந்து நிரப்பிய ஏடு சான்றாகாது. பின்னர் இயற்றிய கதையாகும்.

இதன் இன்றியமையாமைக்குப் பாம்பன் பாலம் சான்று. 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அப்பழைய தொடர்வண்டிப் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்குமேல் போராடியது. தூக்குப்பகுதி அரிப்பினால் நலிந்தமையின் 2022 டிசம்பரில் அதன்மீது வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பெற்றது. 2025 ஏப்பிரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்திற்குப் பாலிசிலாக்சேன் பூச்சு இடப்பட்டுள்ளது. உலோக அரிப்பை ஆராயும் மைய மின்வேதியியல் ஆய்வகம் 1953ஆம் ஆண்டு முதல் நம் காரைக்குடியிலேயே இயங்கி வருகின்றது. கம்பைநல்லூர்ப் பகுதியினர்க்கும் இப்பொருள் சேய்மையது அன்று. ஃபுளூரைடு மிக்க நிலத்தடி நீரால் இடருற்ற தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர் 2013 முதல் குழாய்வழி வருகின்றது. மண்ணுள் புதைந்த இரும்புக் குழாய் எதுவாயினும் அதன் காப்பைக் கண்ணாற் கண்டறிதல் அரிது. எழுத்தால் மட்டுமே அறிதல் கூடும்.

இனித் தமிழ்த்துறையார்க்கு இதன்கண் உள்ள கடமையைக் கூறுவோம். பூசுகின்றவர் தமிழர், ஆயின் இத்துறையின் தரநூல்களும் படிவங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தம் கைவேலைக்குரிய சான்றினைத் தாமே படிக்க இயலாதவர் அதிலுள்ள பிழையைச் சுட்டுதல் எங்ஙனம்? பதிவேடு தமிழில் அமைதல் வேண்டும் என்பது எம் துணிபு. அதன்பொருட்டு எல்லாச் சொற்களையும் புதிதாய் ஆக்க வேண்டுவதில்லை. பெயிண்ட், பிரைமர், தின்னர் என்பன தொழிலாளர் நாவில் வேரூன்றிய சொற்கள்; அவற்றை அவ்வாறே கொள்ளலாம். கொப்புளம், வெடிப்பு, உரிதல், வழிதல் எனக் குறைகளைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் முன்னரே உள. இவற்றின் பொருளெல்லையை வரையறுத்தலே வேண்டப்படுவது. ‘வெடிப்பு’ என்பது மேலடுக்கில் மட்டும் தோன்றும் கீறலா, இரும்புவரை சென்ற பிளவா என ஏட்டில் வேறுபடுத்தற்குச் சொல் வேண்டும். சொற்பொருள் வரையறுத்தல் நமக்குப் பழகிய பணியன்றோ?

இறுதியாக ஒன்று. இரும்பைத் தூய்மையாக்கும் அதே மணல் வீச்சைக் கோயிற் சுவர்களில் செலுத்தியதால் கல்லெழுத்துகள் தேய்ந்த அவலத்தை நம்மவர் கண்டுள்ளனர். அகற்றப்படுவது துருவா எழுத்தா என முதலில் நோக்கி, நோக்கியதனை எழுதிவைத்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும். இவ்விதி கல்லுக்கும் இரும்புக்கும் பொதுவாகும்.